ஷெட் அண்ணன் பதில் எழுதுகிறார்

எங்கள் மன்றம் செத்துக்கொண்டிருந்தது. பட்டுப்புழு வளர்ப்பவர்களுக்குத் தமிழில் இணையத்தில் ஓர் இடம் வேண்டும் என்று நானாகத் தொடங்கி, நானாகக் கட்டி மேய்த்துக்கொண்டிருந்த மன்றம் அது. ஒருவர் கேள்வி கேட்பார், தெரிந்தவர் பதில் சொல்வார், பழைய பதில்கள் அழியாமல் கிடக்கும், யார் வேண்டுமானாலும் தேடிப் படிக்கலாம். வாட்ஸ்அப் குழுக்கள் வந்ததும் கூட்டம் அந்தப் பக்கம் போய்விட்டது. அங்கே விடிந்ததும் ஒருவர் ரோஜாப்பூப் படம் போடுவார், எல்லோரும் வரிசையாகக் கும்பிடு போடுவார்கள். நடுவில் ஒரு பாவப்பட்ட மனிதர் "புழு இலை தின்ன மாட்டேங்குது, என்ன செய்யறது" என்று கேட்டிருப்பார். அது கும்பிடுகளுக்கு அடியில் புதைந்துபோகும். ஆனாலும் ஜனங்களுக்கு அதுதான் பிடித்திருந்தது. காரணம் கேட்டபோது ஒருவர் முகத்துக்கு நேராகச் சொன்னார்: "அங்க ஆளுங்க இருக்கற மாதிரி இருக்குதுங்க மேடம். உங்க மன்றத்துல பேசுனா, பூட்டிக் கெடக்கற கல்யாண மண்டபத்துல நின்னு பேசற மாதிரி இருக்குதுங்க."

எனக்குச் சுருக்கென்று தைத்தது. கோபமும் வந்தது. எனக்குக் கோபம் வர அதிக நேரம் ஆகாது.

நான் புழு வளர்ப்பவள் இல்லை. தருமபுரி டவுனில் வீட்டில் இருந்தபடியே பெங்களூர் கம்பெனி ஒன்றுக்குக் கணினி வேலை பார்ப்பவள். தம்பி பட்டுக்கூடு வாங்கி நூல் எடுப்பவன். அப்பா காலத்திலிருந்து எங்கள் குடும்பத்துக்கு அதுதான் தொழில். கூடு விற்க வருகிறவர்கள் எங்கள் வாசலில் நின்று, போன முறை புழு எப்படிச் செத்தது என்று பேசுவதைக் கேட்டுக் கேட்டுத்தான் எனக்கு இந்த மன்றம் யோசனை வந்தது. வாங்குகிற கட்சியின் அக்கா நடத்துகிற இடமாயிற்றே என்று முதலில் பலருக்குச் சந்தேகம். விலையைப் பற்றி நான் வாயே திறப்பதில்லை என்று பார்த்த பிறகுதான் நம்பி வந்தார்கள்.

மன்றத்தின் மென்பொருளில் அந்தச் சமயம் புதிதாக ஒரு வசதி வந்திருந்தது. பக்கத்தின் மேலே ஒரு பட்டை ஓடும். இந்த நிமிடம் யார் யார் உள்ளே இருக்கிறார்கள், யார் எந்தக் கேள்வியைப் படிக்கிறார்கள், யார் பதில் எழுதிக்கொண்டிருக்கிறார்கள் என்பதெல்லாம் அதில் தெரியும். உள்ளே இருப்பவர் பெயருக்குப் பக்கத்தில் ஒரு பச்சைப் புள்ளி எரியும். மண்டபத்தில் ஆள் இல்லை என்று சொன்னார்களே, இந்தா ஆள் என்று காட்டிவிடலாம். நான் அதற்கு 'நேரலை' என்று பெயர் வைத்து, தமிழில் வார்த்தைகள் போட்டு, ஒரு நல்ல நாள் பார்த்து அறிவிப்பும் எழுதித் திறந்துவிட்டேன்.

அந்த மென்பொருளை எழுதியவர்களுக்கு எங்கள் ஜனங்களைத் தெரியாது. ஒரு கணக்கு என்றால் ஓர் ஆள் என்று அவர்கள் நினைத்துவிட்டார்கள். எங்கள் மன்றத்தில் ஆளுக்கொரு கணக்கு கிடையாது, வீட்டுக்கொரு கணக்குதான், ரேஷன் கார்டு மாதிரி. குடும்பத் தலைவர் பெயரில் கணக்கு இருக்கும். மகன் எழுதுவான், மருமகள் எழுதுவாள், ஊரிலிருந்து வந்த மாப்பிள்ளை எழுதுவார், எல்லாம் அவர் பெயரிலேயே வரும். ஒருமுறை "அப்பா தவறிவிட்டார்" என்று அந்த அப்பாவின் கணக்கிலிருந்தே செய்தி வந்தது. ஒருவரும் சிரிக்கவில்லை. அவருக்கே ஆழ்ந்த இரங்கல் தெரிவித்தார்கள்.

அப்படி ஒரு வீட்டுக் கணக்குதான் ஷெட் அண்ணன். முகப்படத்துக்குப் பதிலாகத் தங்கள் புழு வளர்ப்பு ஷெட்டின் படத்தைப் போட்டிருந்ததால் அந்தப் பெயர். அரூர் பக்கத்து ஊர். அந்தக் கணக்கிலிருந்து வரும் பதில்களுக்காகவே மன்றத்துக்கு வருகிறவர்கள் இருந்தார்கள். கேள்வி கேட்டவுடன் மருந்து பெயர் வராது. முதலில் குறுக்கு விசாரணை: இலை எப்போது வெட்டினீர்கள், ஈரத்தோடு போட்டீர்களா, ஜன்னல் திறந்திருக்கிறதா. அப்புறம் திட்டு: "புழுவுக்கும் மூச்சு இருக்குதுங்க சாமி. நீங்க சினிமாக் கொட்டாய் மாதிரி அடைச்சு வெச்சிருக்கீங்க. மொதல்ல போய் ஜன்னலைத் திறந்துட்டு வாங்க, அப்புறம் பேசலாம்." திட்டு வாங்கியவர்கள் சந்தோஷமாக நன்றி சொல்லிவிட்டுப் போவார்கள்.

அதை எழுதுவது அண்ணன் இல்லை, அவர் மனைவி என்று எனக்கு எப்போதோ தெரிந்துவிட்டது. பதில்கள் பெரும்பாலும் ஆண்கள் வயலிலும் சந்தையிலும் இருக்கிற உச்சிப் பொழுதில் வரும். ஒருமுறை பாதியில் நிறுத்தி, "குக்கர் கத்துது, வந்து சொல்றேன்" என்று வந்தது. யார் எழுதினால் என்ன, நல்லது நடந்தால் சரி என்று நான் அதைக் கிளறவில்லை. முதலில் அண்ணன் சொல்லச் சொல்ல அந்த அம்மா தட்டியிருக்கிறார். அண்ணனிடம் இருந்தது பட்டன் போன். மகள் ஆன்லைனில் படித்த காலத்தில் வாங்கிய பெரிய போன் வீட்டிலேயே கிடந்தது. நாளடைவில் அண்ணன் சொல்லாததையும் அந்த அம்மா எழுதத் தொடங்கியிருக்கிறார். எவ்வளவு எழுதுகிறார் என்பது அண்ணனுக்குத் தெரியாது. ஊர் ஊராக ஆட்கள் தன்னை "அண்ணா" என்று கும்பிடுவது மட்டும் அவருக்குத் தெரியும். அது அவருக்குப் பிடித்தும் இருந்தது.

நேரலை வந்த முதல் வாரம் திருவிழாதான். பச்சைப் புள்ளியைப் பார்த்ததும் "சாப்பிட்டீங்களா" என்று கேட்டார்கள். புள்ளி எரிந்தும் பதில் சொல்லாதவர்களிடம் கோபித்துக்கொண்டார்கள். மாமனார் உள்ளே வந்தால் மருமகன் வெளியே ஓடினார். ஷெட் அண்ணன் பதில் எழுதுகிறார் என்று பட்டையில் வந்தால் போதும், ஆளாளுக்கு அந்தக் கேள்விக்குள் போய்க் காத்திருந்தார்கள். அப்படி அதிகம் காத்திருந்தவர் வத்தல்மலைக்காரர் ஒருவர். முதல்முறையாகப் புழு வளர்க்கிறவர். பக்கத்தில் கேட்க ஆள் இல்லை. முட்டை வாங்கிய நாளிலிருந்து ஒவ்வொரு நாளும் என்ன செய்வது என்று ஷெட் அண்ணனைக் கேட்டுக் கேட்டுத்தான் செய்துகொண்டிருந்தார். பூட்டிய மண்டபம் என்று சொன்னவரைக் கூப்பிட்டுக் காட்ட வேண்டும் போல எனக்கு இருந்தது.

அடுத்த வாரம் தருமபுரியில் கூடு ஏலம். மதியம் சாப்பிட வந்த தம்பி, சோற்றில் கை வைக்காமல் என்னைப் பார்த்து, "அக்கா, நீ ஒரு வூட்டுல கொள்ளி வெச்சுட்ட" என்றான்.

நடந்தது இதுதான். ஏலத்தில் கூட்டைக் கொட்டி வைத்துவிட்டு, விலை படியும் வரை வளர்த்தவர்கள் அதன் பக்கத்திலேயே நிற்பார்கள். நிற்கிற நேரத்தில் போனைத்தான் பார்ப்பார்கள். ஷெட் அண்ணனும் தன் கூட்டுக்குப் பக்கத்தில் நின்றிருக்கிறார். சுற்றிலும் மன்றத்துக்காரர்கள், அண்ணனை நேரில் பார்த்த சந்தோஷத்தில் கூடி நின்றிருக்கிறார்கள். அப்போது ஒருவர் போனைத் தூக்கிக் காட்டி, "அண்ணா, நீங்க இங்க நிக்கறீங்க. ஷெட் அண்ணன் பதில் எழுதுகிறார்னு ஓடுதே. வூட்டுல யாருங்க எழுதறது?" என்று கேட்டிருக்கிறார். விளையாட்டாகத்தான். ஆனால் எல்லோரும் போனை எடுத்துப் பார்த்துவிட்டார்கள். பட்டையில் அந்த வார்த்தை நின்றுகொண்டிருந்தது. அண்ணன் கையில் பட்டன் போன். கொஞ்ச நேரத்தில் பதிலும் வந்து விழுந்தது. அன்றைக்கு யாரோ நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டார். அதை ஒருவர் சத்தமாகப் படிக்க, இன்னொருவர், "அட, இத்தனை நாளா நம்மளை வெளுத்து வாங்குனது அண்ணிதானா?" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். அண்ணனும் சிரித்தாராம்.

"சிரிச்சாரு. ஆனா மூஞ்சியில ரத்தமே இல்லை" என்றான் தம்பி. "கேலி பண்ணவங்க கெட்டவங்க இல்லைக்கா. அண்ணியைப் பெருமையாத்தான் பேசுனாங்க. ஆனா ஒருத்தன் கேட்டான் பாரு, 'அண்ணிக்குத் தனியா மெசேஜ் அனுப்பலாமுங்களா'ன்னு. அங்கதான் போச்சு."

அவ்வளவு பெரிய விஷயமா என்று நினைப்பவர்களுக்கு எங்கள் ஊர்ப்பக்கம் தெரியாது. மன்றத்தில் எழுதுகிறவர்கள் எல்லாம் ஆண்கள், அல்லது ஆண்கள் பெயரில் எழுதுகிறவர்கள். தன் மனைவி தான் இல்லாத நேரத்தில், தன் பெயரில், ஊர் பேர் தெரியாத ஆண்களோடு நாள்தோறும் பேசிக்கொண்டிருந்திருக்கிறாள் என்று ஒரு மனிதர் சந்தைக்கு நடுவில் நின்று தெரிந்துகொண்டார். அதுவும் மற்றவர்கள் தெரிந்துகொண்ட அதே நொடியில். தனியாகத் தெரிந்திருந்தால் முணுமுணுத்துவிட்டு விட்டிருப்பாரோ என்னவோ.

அன்றோடு ஷெட் அண்ணனின் புள்ளி அணைந்தது. வத்தல்மலைக்காரர் தினமும் ஒரு கேள்வி போட்டு, கடைசியில் "அண்ணா இருக்கீங்களா?" என்று முடித்தார். பதில் இல்லை.

நான் அந்த வீட்டு எண்ணுக்கு அழைத்தேன். அண்ணன்தான் எடுத்தார். மரியாதைக்குக் குறைவில்லை. "எல்லாம் நான் சொல்லி அது எழுதுனதுதானுங்க மேடம். இப்ப கொஞ்சம் வேலை ஜாஸ்திங்க" என்றார். அப்புறம் குரலைத் தாழ்த்திக்கொண்டு, "நான் ஒரு டச் போன் வாங்கியிருக்கேங்க. எனக்குத் தனியா ஒரு கணக்குப் போட்டுத் தர முடியுமுங்களா?" என்று கேட்டார். இனிமேல் தானே எழுத ஆசைப்படுகிறார் போலிருக்கிறது, நல்லதுதான் என்று நினைத்து, எப்படிச் சேர்வது என்று பொறுமையாகச் சொல்லிக்கொடுத்தேன். பெயர் போடும் இடத்தில் 'விவசாயி' என்று மட்டும் போட்டுக்கொண்டார்.

இரண்டொரு நாளில் எனக்குப் புரிந்துவிட்டது. அந்தக் கணக்கு எதையும் கேட்கவில்லை, எதையும் படிக்கவில்லை. காலையில் இலை வெட்டப் போகும் நேரம், மதியம், சந்தைக்குப் போன நாள் முழுக்க, பட்டையில் ஒரே வரிதான்: 'விவசாயி, ஷெட் அண்ணன் பக்கத்தைப் பார்க்கிறார்.' வீட்டில் இருக்கிற போனில் புள்ளி எரிகிறதா என்று எங்கிருந்தாலும் பார்த்துக்கொண்டே இருந்தார். தான் பார்ப்பதும் பட்டையில் ஓடும், மன்றமே அதைப் பார்க்கும் என்று அவருக்குத் தோன்றவே இல்லை. ஜன்னல் வழியாக எட்டிப் பார்க்கிறவருக்குத் தன் முதுகு தெரிவதில்லை. எனக்கு எரிச்சலாக வந்தது, வெட்கமாகவும் இருந்தது. பிறகு ஒருவர், "யாருங்க அந்த விவசாயி? ஷெட் அண்ணன் வூட்டு வாசல்லயே நிக்கறாரு, அவ்வளவு பெரிய ரசிகருங்களா?" என்று மன்றத்தில் எழுதினார். கீழே சிரிப்புப் பொம்மைகள். நான் அதை அழித்துவிட்டு, மறுநாள் அரூர் பஸ் ஏறினேன்.

போகும்போதே முடிவு செய்துவிட்டேன். நேரலையை எடுத்துவிடுவது. அந்த அம்மாவிடம் ஒரு வார்த்தை சொல்லிவிட்டு எடுப்பது.

வீட்டில் அண்ணன் இருந்தார். நாற்காலியைத் துடைத்துப் போட்டார். டீ வந்தது. என்னைப் பார்த்ததில் அவருக்குச் சங்கடம்தான், ஆனால் வந்தவளை உட்காரவைத்துப் பேசத் தெரிந்த மனிதர். மழையைப் பற்றிப் பேசினோம், இலையைப் பற்றிப் பேசினோம். திடீரென்று அவரே சொன்னார்: "ஊர் ஊரா அண்ணா அண்ணான்னு கூப்பிட்டாங்க மேடம். பஸ் ஸ்டாண்டுல ஒருத்தர் கால்லயே விழ வந்துட்டாரு, உங்களால என் புழு பொழைச்சுதுன்னு. நானும் சரி சரின்னு தலையாட்டிட்டு வந்தேன். இப்ப அந்த அண்ணன் நானில்லைன்னு ஆயிடுச்சுங்களே. நான் யாருங்க?"

எனக்கு அவர்மேல் இருந்த கோபம் பாதி இறங்கிவிட்டது. மீதிப் பாதிக்காக, "உங்க சம்சாரத்தைப் பார்க்கலாமா?" என்று கேட்டேன். "ஷெட்ல இருக்குதுங்க, போய்ப் பாருங்க" என்றார்.

ஷெட் வாசலில் பிளீச்சிங் பவுடர் கரைத்த தண்ணீர்த் தட்டு. அதில் கால் நனைத்துத்தான் உள்ளே போக வேண்டும். அந்த அம்மா அடுக்கில் இலை போட்டுக்கொண்டிருந்தார். என் வயதுதான் இருக்கும். மெலிந்த உடம்பு, தலையில் துண்டு. மன்றத்தில் அத்தனை பேரை வெளுத்து வாங்கிய ஆள் இவரா என்று இருந்தது, குரல் அவ்வளவு மெதுவாக வந்தது. ஆனால் முதல் வார்த்தையே, "செருப்பை அங்கேயே விட்டீங்களா மேடம்?" என்பதுதான். ஆள் இவர்தான் என்று தெரிந்துகொண்டேன்.

"நேரலையை எடுத்துடறேங்க. அதாலதானே இவ்வளவும்" என்றேன்.

இலை போட்டுக்கொண்டிருந்த கை நின்றது. "ஐயோ, எடுத்துடாதீங்க" என்றார்.

எனக்குப் புரியவில்லை.

"அது இருக்கறதாலதாங்க போன் இன்னும் வூட்டுல இருக்குது" என்றார். "மொத நாளே பிடுங்கிட்டுப் போயிருப்பாரு. புள்ளி எரியலைன்னு அங்க இருந்தே பார்த்துக்கறாரு, அதனால விட்டு வெச்சிருக்காரு. பொண்ணு நர்சிங் படிக்குது, ஹாஸ்டல்ல இருக்குது. மத்தியானத்துல கூப்பிடும், மூஞ்சியைப் பார்த்துப் பேசுவோம். நீங்க அதை எடுத்துட்டீங்கன்னா, நான் உள்ள போனேனா இல்லையான்னு அவருக்கு எப்படிங்க தெரியும்? போனையும் எடுத்துக்கிட்டுத்தான் போவாரு."

நான் ஒரு சாமர்த்தியம் வைத்திருந்தேன். "உங்க பேர்லயே தனியா ஒரு கணக்குப் போடலாம். பட்டையில தெரியாம மறைச்சு வெக்க எனக்கு வழி இருக்கு. அவருக்குத் தெரியவே தெரியாது" என்றேன்.

அந்த அம்மா என்னை நிமிர்ந்து பார்த்தார். "இதுவரைக்கும் நான் ஒளிச்சு ஒண்ணும் செய்யலீங்க. கேட்டிருந்தா சொல்லியிருப்பேன், அவர் கேக்கலை. இப்ப நீங்க சொல்றதைச் செஞ்சேன்னா, அவர் மனசுல நெனைக்கறது நெசமாயிடுமுங்க."

நான் அடுத்த இலைக் கட்டை அவிழ்த்துக் கொடுத்தேன்.

"அந்த வத்தல்மலைக்காரர் புழு நாலாவது, கடைசித் தோலை உரிச்சிருக்கும் இந்நேரம்" என்றார் அவரே. "கணக்குக்குள்ள நுழையாம, மன்றத்துக்கு வெளிய இருந்தபடி படிக்கறேங்க. அப்ப புள்ளி எரியாது. அவர் கேட்டுக்கிட்டே இருக்காரு. தெரிஞ்சுக்கிட்டே சும்மா இருக்கறதுதான்..." சொல்லி முடிக்காமல் அடுத்த அடுக்குக்குப் போய்விட்டார்.

திரும்பி வந்தேன். நேரலையை எடுக்கவில்லை. வத்தல்மலைக்காரருக்கு எனக்குத் தெரிந்ததை வைத்துப் பதில் எழுதினேன், வேறு இருவரும் எழுதினார்கள். அவர் மரியாதையாக நன்றி சொல்லிவிட்டு, மறுபடியும் "அண்ணா இருக்கீங்களா?" என்றே கேட்டார். தன் புழுவை முதல் நாளிலிருந்து தெரிந்தவரிடம்தான் கேட்க முடியும் என்று அவர் நினைப்பதில் தப்பில்லை.

சில நாள் கழித்து அவரிடமிருந்து ஒரு படம் வந்தது. தட்டின் ஓரத்தில் புழுக்கள் வரிசையாக ஊர்ந்துகொண்டிருந்தன. உடம்பு ஊதி, தோல் பளபளவென்று, ஒன்றிரண்டு உடைந்து வெள்ளையாக வழிந்திருந்தது. "அண்ணா, இது என்னங்க? இன்னும் கொஞ்ச நாள்ல கூடு கட்டும்னு இருந்தேன். பயமா இருக்குதுங்க" என்று கீழே எழுதியிருந்தார். பார்த்தவுடன் எனக்கே தெரிந்தது, பால் நோய். வந்த புழுவுக்கு மருந்து கிடையாது, வராத புழுவைக் காப்பாற்றத்தான் பார்க்க வேண்டும். எழுதலாம் என்று நான் கை வைத்தபோது பட்டை மாறியது.

ஷெட் அண்ணன் பதில் எழுதுகிறார்.

நான் கையை எடுத்துவிட்டேன். ஒவ்வொருவராக உள்ளே வந்தார்கள். இத்தனை நாள் எங்கிருந்தார்களோ, பச்சைப் புள்ளிகள் வரிசையாக எரிந்தன. ஆனால் கேள்வி கேட்டவரைக் காணோம். படத்தைப் போட்டுவிட்டுப் புழுவைப் பார்க்கப் போயிருப்பார். கொஞ்ச நேரத்தில் நான் பயந்த வரியும் வந்தது: 'விவசாயி, ஷெட் அண்ணன் பக்கத்தைப் பார்க்கிறார்.' வீட்டிலிருக்கிற அந்தப் போனிலும் இதே வரி ஓடும். அந்த அம்மாவுக்கும் தெரியும், அவர் பார்க்கிறார் என்று. நிறுத்திவிடுங்கள் அம்மா என்று வாய்விட்டே சொன்னேன். எழுதி முடித்துவிடுங்கள் என்றும் சொல்லத் தோன்றியது. எது என் விருப்பம் என்று எனக்கே தெரியவில்லை. எழுத்து நிற்கவில்லை.

பதில் வந்தது. முதல் வரி: "நான் அண்ணன் இல்லீங்க. அவங்க வூட்டுக்காரி. இத்தனை நாளும் எழுதுனது நான்தான்." அதற்குக் கீழே வழக்கம்போல வேலை. ஊதின புழுவை எல்லாம் கையுறை போட்டுப் பொறுக்குங்கள். வெளியே வீசாதீர்கள், கோழிக்குப் போடாதீர்கள், சுண்ணாம்புத் தண்ணீரில் போட்டுக் குழி தோண்டிப் புதையுங்கள். மீதிப் புழுவை நெருக்கமில்லாமல் பரப்புங்கள். ஈர இலை வேண்டாம். படுக்கையில் சுண்ணாம்புத் தூள் தூவுங்கள். ஒவ்வொரு முறையும் கை கழுவிவிட்டு அடுத்த தட்டைத் தொடுங்கள். கடைசியில், "பயந்துக்கிட்டு எல்லாத்தையும் கொட்டிடாதீங்க சாமி. பாதியாவது தேறும். ஜன்னலைத் திறந்து வெச்சிருக்கீங்களா இல்லையா?"

என் போன் அடித்தது. அண்ணன்.

எங்கிருந்தோ ஓடி வந்திருக்கிறார், மூச்சு வாங்கியது. கத்தவில்லை. கத்தியிருந்தால் நானும் பதிலுக்குக் கத்தியிருப்பேன். "மேடம், அந்தக் கணக்கை அழிச்சுடுங்க. அதுல எழுதுனது எல்லாத்தையும் அழிச்சுடுங்க. என் பேர்ல இருக்கற கணக்குதானுங்களே" என்றார். கணக்கு யார் பெயரில் இருக்கிறதோ அவர் கேட்டால் அழித்துவிட வேண்டும் என்று விதி எழுதி வைத்தவள் நான்தான்.

"உங்க சம்சாரத்தைக் கேட்டீங்களா?" என்றேன்.

போன் கை மாறும் சத்தம். அந்த அம்மாவின் குரல், ஷெட்டில் கேட்டதைவிடத் தெளிவாக இருந்தது.

"அழிச்சுடுங்க மேடம். வூட்டுல நிம்மதி வேணுமுங்க." கொஞ்சம் நின்று, "ஆனா இப்ப எழுதுனதை மட்டும், வத்தல்மலைக்காரர் வந்து படிச்சு முடிக்கற வரைக்கும் விட்டு வெச்சுட்டு அழிங்க. பாவம், அவர் இன்னும் பார்த்திருக்க மாட்டாரு" என்றார்.

வேண்டாம் என்று அண்ணனும் சொல்லவில்லை.

நான் மற்ற எல்லாப் பதில்களையும் முதலில் அழித்தேன். ஜன்னலைத் திறக்கச் சொன்னது, குக்கர் கத்தியது, சினிமாக் கொட்டாய் என்று திட்டியது, எல்லாம் போயின. "மேடம், என்ன பண்றீங்க" என்று ஒருவர் பின் ஒருவராகக் கேட்டார்கள். அந்த ஒரு பதிலை மட்டும் விட்டுவிட்டுப் பட்டையைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தேன். அழுகை வந்துகொண்டே இருந்தது.

சாயங்காலம் வத்தல்மலைக்காரரின் புள்ளி எரிந்தது. படிக்கிறார் என்று வந்தது. நிறைய நேரம் படித்தார். பிறகு, பதில் எழுதுகிறார் என்று வந்தது. அவர் எழுதி முடிக்கும் வரை பொறுத்திருந்தேன். "பொறுக்க ஆரம்பிச்சுட்டேங்க. ஜன்னலையும் திறந்துட்டேன். ரொம்ப நன்றிங்க அக்கா" என்று எழுதியிருந்தார்.

அதற்கு மேலே இருந்த பதிலையும், பிறகு அந்தக் கணக்கையும் அழித்தேன். அவர் எழுதியது அவருடையது, அதை அழிக்க எனக்கு உரிமை இல்லை. அந்தக் கேள்விக்குக் கீழே இன்றைக்கும் அந்த நன்றி மட்டும் இருக்கிறது. எந்த அக்காவுக்கு என்று புதிதாக வருகிறவர்கள் கேட்கிறார்கள்.